வாழைத் தோட்டத்துக்கு வந்த ஏ.டி.எம். அண்ணன்

போன வருடம் ஆவணி மாதம். பி.டெக். ரிசல்ட் வந்து நான் செம கெத்தாகச் சுற்றிக்கொண்டிருந்த நேரம். தேனிப் பக்கம், கம்பத்திலிருந்து கூடலூர் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் அத்தை வீடு. சுற்றிலும் மூன்று ஏக்கர் வாழை. நாலு நாள் தங்கி நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். மூன்றாம் நாளே அத்தையின் ஒரு வருட உழைப்பை ஊத்தி மூடப் பார்த்தேன்.

அத்தையின் வாழை வெளிநாடு போகிற வாழை. வாங்குகிற கம்பெனிக்காரர்களுக்குக் காய் மட்டும் நன்றாக இருந்தால் போதாது, ரெக்கார்டும் வேண்டும். எந்தத் தேதியில் என்ன மருந்து அடித்தது, எத்தனை மில்லி, எந்த வாரம் தள்ளிய குலைக்கு எந்தக் கலர் ரிப்பன் கட்டியது என்று எல்லாம் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் குலை எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடமாட்டார்கள். முன்பெல்லாம் அத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "இன்னும் நோட்டா?" என்று கலாய்த்து, எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, எக்செல் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி ஒரு வருடமாக அடித்து வைத்திருந்தார் அத்தை. நோட்டு போடுவதை நிறுத்தியே விட்டார். அதைப் பார்க்கத்தான் மறுநாள் காலை கம்பெனி ஆள் வருவதாக இருந்தது.

அன்று காலை, சிஸ்டம் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்றார் அத்தை. எனக்கு வேறென்ன வேலை? போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அப்டேட்டைத் தட்டிவிட்டேன். ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவதாக மெசேஜ் வந்திருக்கிறது, மாதாமாதம் பராமரிப்புக்கு நிறுத்துவது என்று அடுப்படியிலிருந்து அத்தை சொன்னார். அதற்குள் முடிந்துவிடும் என்று அளந்துவிட்டேன். எழுபத்தாறு சதவீதத்தில் கரண்டு போனது. யு.பி.எஸ்ஸா? அதன் பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. மாமா அதன்மேல் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டுவார்.

இரண்டு மணிக்குக் கரண்டு வந்தது. கம்ப்யூட்டர் வரவில்லை. சிஸ்டம் ஃபைல் ஒன்று கெட்டுப்போய்விட்டது என்று நீலத் திரையில் எழுதிக் காட்டிவிட்டு நின்றது. நான் அசரவில்லை. போனில் ஒரு வீடியோ, ஏழு நிமிடம். அதை டபுள் ஸ்பீடில் பார்த்தேன். விண்டோஸே ஒரு ஃபோல்டரில் மாற்று நகல் வைத்திருக்கும், அதை எடுத்துக் கெட்டதன்மேல் போட்டால் முடிந்தது. கறுப்புத் திரையில் படபடவென்று கமாண்ட் அடித்தேன். பழையதன்மேல் எழுதவா என்று கேட்டது, எல்லா ஃபைலுக்கும் ஆமாம் என்று கொடுத்தேன். ரீஸ்டார்ட் செய்தால் முன்பு வந்த நீலத் திரைகூட நிற்கவில்லை. மின்னி மின்னி அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

சரி, மொத்தமாக அழித்துவிட்டுப் புது விண்டோஸ் போடுவோம் என்று முடிவு செய்தேன். ஃபைல்கள் டி டிரைவில்தான் இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விண்டோஸ் போட்ட பென்டிரைவ் வேண்டுமே, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் பறந்தேன்.

கம்ப்யூட்டர் கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் குடும்பத்தோடு வீரபாண்டி கோயிலுக்குப் போய்விட்டாராம். பக்கத்தில் ஒரு ஏ.டி.எம்., ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தால், முப்பது வயதிருக்கும், ஒரு அண்ணன் மெஷினின் கதவைத் திறந்துவைத்துத் தரையில் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தார். மெஷின் திரையில் நமக்குத் தெரிந்த அதே விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தது. தேனியிலிருந்து பைக்கில் வந்து இந்தப் பக்கத்து மெஷின்களையெல்லாம் பார்க்கிறவர் என்று பிறகு தெரிந்தது.

விண்டோஸ் பென்டிரைவ் இருக்குமா, ஒரு மணி நேரத்தில் திருப்பித் தருகிறேன், ஃபார்மட் பண்ண வேண்டும் என்று கேட்டேன். அவர் நிமிராமலேயே கேட்டார்.

"உள்ள இருக்கது யாரோடது?"

"எங்க அத்தையோடது."

"அழிக்கப் போறம்னு அவுககிட்டச் சொல்லிட்டீகளா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் ஐ.டி. படித்தவள் என்றேன். "அது சரித்தா, சொன்னீகளா இல்லையா?" என்றார். கூடலூர் ரோட்டில் தோட்டம், கம்ப்யூட்டர் ஏறவே இல்லை, நாளைக் காலையில் கம்பெனி ஆள் வந்துவிடுவார் என்று வேறு கதை சொன்னேன். மெஷினைப் பூட்டி, ஷட்டரை ஏற்றிவிட்டு, அடுத்து கூடலூர் போக வேண்டும், உங்கள் தோட்டம் போகிற வழிதானே என்று கேட்டவர், பைக்கில் என் பின்னாலேயே வந்துவிட்டார்.

வந்தவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. முதலில் அத்தையிடம்தான் பேசினார்.

"அக்கா, இதுக்குள்ள எது இல்லாட்டி உங்களுக்கு ஆகாது?"

"வாழைக் கணக்குதாம்ப்பா. மத்ததெல்லாம் போனாப் போகுது. தொறந்ததும் முன்னாடியே தெரியும்ல, அங்கனதான் வச்சிருக்கேன்."

திறந்ததும் முன்னால் தெரிகிறதென்றால் டெஸ்க்டாப். அது இருப்பது சி டிரைவில். நான் அழிக்க இருந்தது அதைத்தான்.

அண்ணன் தன் பையிலிருந்த பென்டிரைவ் ஒன்றிலிருந்தே கம்ப்யூட்டரை ஏற்றினார். விண்டோஸ் இல்லாமலே உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. வாழைக் கணக்கை எடுத்து இன்னொரு பென்டிரைவில் போட்டு, திறந்தும் காட்டினார். சிவப்பு ரிப்பன், நீல ரிப்பன், மஞ்சள் ரிப்பன், வாரம் வாரமாக. அத்தை கண்ணாடியை மாட்டிக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம்தான் ரிப்பேர். நான் நோண்டிய ஃபோல்டரைத் திறந்தவர், மெதுவாக என்னைக் கூப்பிட்டார்.

"இங்கன பாருங்க. சைஸு எல்லாம் சைபர்."

மாற்று நகல் என்று நான் எடுத்துப் போட்ட ஃபைல்களில் ஒன்றுமே இல்லை. இப்போது வருகிற விண்டோஸில் அந்த ஃபோல்டரில் பெயர் மட்டும்தான் இருக்குமாம். கெட்டது ஒரு ஃபைல். நல்லதாக இருந்த மற்ற ஃபைல்களின் மேலும் காலி ஃபைலைப் போட்டு முடித்துவைத்தது நான். பழையதைப் பெயர் மாற்றியாவது வைத்தீர்களா என்று கேட்டார். இல்லை.

"நீங்க அடிச்சதுல ஒரு எழுத்துத் தப்பு இல்ல. பக்கத்துலயே சைபர்னு போட்டிருந்துச்சு, அதப் பாக்கல. அம்புட்டுத்தான்."

இதை அத்தைக்குக் கேட்காத குரலில் சொன்னார். நல்லவேளை, அப்டேட் ஆரம்பிக்கும் முன் கம்ப்யூட்டர் தானாகவே அப்போதிருந்த நிலையை ஒரு ரீஸ்டோர் பாயிண்டாக எடுத்து வைத்திருந்தது. அந்த நிலைக்குத் திருப்ப விட்டார். நடுவில் இரண்டு தடவை அவருக்குப் போன் வந்தது. கூடலூர் மெஷின் என்னாச்சு என்று கேட்கிறார்கள். இன்னும் அரை மணி நேரம் என்று இரண்டு தடவையும் அதே பதில். நாற்பது நிமிடம் கழித்து, காலையில் இருந்த மாதிரியே திரை வந்து நின்றது.

"எதுனாலப்பா இப்படி ஆச்சு?" என்று கேட்டார் அத்தை.

"கரண்டு போனதுல ஆரம்பிச்சதுக்கா" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பொய்யும் சொல்லவில்லை, என்னைப் போட்டும் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் முடியவில்லை. "அதுக்கு மேல கெடுத்தது நான்தான் அத்தை" என்றேன்.

"அதான் மத்தியானம் சோத்தப் பாதியில வச்சயே, அப்பவே தெரியும் ஆத்தா" என்றார் அத்தை. அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பையைக் கட்டினார்.

காசு என்று பேச்செடுத்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அத்தை வம்படியாகக் கொடுத்த பழச் சீப்பை மட்டும் பைக்கில் மாட்டிக்கொண்டு கூடலூருக்குக் கிளம்பினார். மறுநாள் வந்த கம்பெனி ஆள் ரெக்கார்டை வரி வரியாகப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் நாலு குலையைத் தட்டிப் பார்த்து, அடுத்த வாரமே வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை இப்போது கம்ப்யூட்டரிலும் அடிக்கிறார், நோட்டிலும் எழுதுகிறார். நான் கலாய்ப்பதில்லை.

அந்த அண்ணனுக்கு அன்றைக்கே நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் கூடலூரில், ஓடாத மெஷின் முன்னால் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் சரி பண்ணலையா என்று திட்டியபடி ஒரு மணி நேரம் கூடுதலாக யார் யாரோ நின்றிருப்பார்கள் இல்லையா? எங்கள் அத்தை வாழைக்காகத்தான் நின்றோம் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது, அவர்களுக்கும் சேர்த்து நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.