என் டி.சி. கிடைத்த வெள்ளிக்கிழமை

சபைக் குடும்பத்தார் எல்லோருக்கும் எஸ்தர் எழுதுகிறேன்.

நான் ப்ளஸ் டூ முடித்த வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கலந்தாய்வின் இரண்டாம் சுற்றில், அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் படிக்க எனக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடு நேரில் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு.

அம்மா உடனே முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னார். ஆனால் என் சான்றிதழ் ஒன்றுகூட வீட்டில் இல்லை. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், பள்ளியில் ஒரே ஒரு முறை கொடுக்கிற டி.சி., எல்லாவற்றையும் நைனாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாமல் ஒரு ஏஜெண்டிடம் கொடுத்திருந்தேன். நான்கு நாட்களாக அவர் போன் ஸ்விட்ச் ஆஃப்.

எங்கள் வீடு செஞ்சிக்குப் பக்கத்தில், வல்லம் போகிற வழியில் உள்ள ஒரு காலனியில் இருக்கிறது. நைனா செஞ்சி கமிட்டியில், அரசு நெல் விற்பனைக் கூடத்தில், மூட்டை தூக்குகிறார். நர்ஸாகி வெளிநாட்டில் வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்குப் பத்தாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. அனந்தபுரத்திலிருந்து அயர்லாந்துக்கு நர்ஸாகப் போன கிறிஸ்டி அக்கா, விடுமுறையில் நம் சபைக்கு வந்தபோது என்னிடம் தெளிவாகச் சொன்னார்: "நாலு வருஷ டிகிரி படி. நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணு. ரெண்டு வருஷம் இங்க வேல பாரு. அப்புறந்தான் வெளிநாடு. குறுக்கு வழி இல்ல எஸ்தர்."

எனக்கு அது நீளமாகத் தெரிந்தது. கலந்தாய்வின் முதல் சுற்றில் இடம் கிடைக்காததும் மனசு உடைந்துபோனேன். அந்த வாரம்தான் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு மாடியில் 'ஜெர்மனியில் நர்ஸ் வேலை' என்ற போர்டைப் பார்த்தேன். ஏறிப் போனேன். அங்கே இருந்த ஏஜெண்ட் மிகவும் அன்பாகப் பேசினார்.

"நாலு வருஷம் படிச்சி இன்னாமா பண்ணப் போற? எங்ககிட்ட ஒரு வருஷம் சர்ட்டிபிகேட் கோர்ஸ், கூடவே ஜெர்மன் பாஷ. அடுத்த வருஷம் நீ ஃபிளைட்ல இருப்ப. இப்ப பணம் எதுவும் வேணாம். சீட்டு உறுதி பண்ண ஒரிஜினல் மட்டும் குடுத்துட்டுப் போ."

அந்தக் கோர்ஸை வைத்துக்கொண்டு எந்த நாட்டிலும் நர்ஸாக முடியாது. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு ஒருவரையும் கேட்கவில்லை. ஆண்டவரிடம்கூடக் கேட்கவில்லை. முடிவு பண்ணிவிட்டு, "இதை ஆசீர்வதியும்" என்று மட்டும் ஜெபித்தேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். கௌசல்யா என் வகுப்புத் தோழி. அப்பா இல்லாத பெண். அவள் அம்மா சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறார். என்னைவிட அதிக மதிப்பெண். அவள் இரண்டாம் சுற்றுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க இருந்தாள். "அதெல்லாம் வேண்டாம்டி, எனக்கு வரல, வா நாம ரெண்டு பேரும் ஜெர்மனி போலாம்" என்று சொல்லி அவளைக் கடைசித் தேதி தாண்டவிட்டது நான்தான். நான் கொடுத்த சில நாளில் அவளையும் அந்த மாடிக்குக் கூட்டிப் போய் அவள் சான்றிதழ்களையும் கொடுக்க வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் நைனாவிடம் சொன்னேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். மூட்டை தூக்கிவிட்டு வந்து சட்டைகூட மாற்றாமல் நின்றார். "ஏம்மா எங்கிட்ட சொல்லல? நான் படிக்காதவன்னா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். 

புதன்கிழமை நாங்கள் போனபோது மாடிக் கதவு பூட்டியிருந்தது. போர்டையும் கழற்றிவிட்டார்கள். கட்டட உரிமையாளர் கையை விரித்தார். "வாடகைக்கு உட்டேன். உள்ள இன்னா வச்சிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? போலீஸ் வந்தாத்தான் தொறப்பேன்." போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தோம். பள்ளியில் போய் அழுதேன். தலைமையாசிரியை, நகல் டி.சி. வாங்க வாரக்கணக்கில் ஆகும் என்று வருத்தத்தோடு சொன்னார்.

வியாழக்கிழமை மதியம் ஒரு காவலர் வந்தார். கதவைத் திறந்தார்கள். உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு விமானப் படம். மேஜை இழுப்பறைகள் காலி. என் கண் முன்னால்தான் எல்லாவற்றையும் தேடினார்கள். ஒரு காகிதம்கூட இல்லை.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில். எதிரே கோட்டை நிற்கிற ராஜகிரி மலை. பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. செத்துப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற பிள்ளைகளில் யாருக்காவது அப்படித் தோன்றியிருக்கலாம். நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஜெபம் பண்ணும்மா. எனக்கு வார்த்த வரல, நீ பண்ணு" என்றார்.

"ஆண்டவரே, என் சான்றிதழ்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. கௌசல்யா முகம்தான் வந்தது. ஏஜெண்ட் ஓடிவிட்டார் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. மூன்று நாட்களாக அவள் போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. என் இடம் போகிறதே என்றுதான் அழுதேன். அவள் வாழ்க்கை எந்தக் கணக்கிலும் வரவில்லை. அந்தப் படியில் அது என்னைக் குத்தியது. "ஆண்டவரே, நான் அவளிடம் போகிறேன். பயமாக இருக்கிறது. கூட வாரும்" என்று மட்டும் சொன்னேன். சான்றிதழைப் பற்றிக் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் செஞ்சியில் நைனாவோடு அவள் வீட்டு வாசலில் நின்றேன். அவள் அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்பதையும் அவள் அம்மா முன்னாலேயே சொன்னேன். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கௌசல்யா கத்தினாள்.

"உன்ன நம்பிதானடி குடுத்தேன்! அவன் எதுனா சொன்னா நம்பிருவியா? உன்னோடத கீழ ஜெராக்ஸ் கடையில குடுத்துருக்கேன்னு சொன்னானே, அத திருப்பி வாங்கினானான்னு கூட நீ கேக்கல!"

அவள் கையைப் பிடித்துக் கேட்டேன்: "எப்பச் சொன்னாரு?"

"நான் குடுத்த அன்னிக்கு. நீ வெளிய போன் பேசிக்கினு இருந்த. உன் ஃபிரெண்டோடது கீழ ஜெராக்ஸ்ல இருக்குது, கடை தொறந்தா வாங்கிக்கிறேன், உன்னோடத இங்க வச்சிட்டுப் போன்னான்."

மூன்று பேரும் ஓடினோம்: நான், நைனா, கௌசல்யா. மாடிக்கு நேர் கீழே அந்தக் கடை. இரண்டு நாட்களாக அதன் முன்னால்தான் நடந்துகொண்டிருந்தேன். ஷட்டர் சாத்தியிருந்தது. கடைக்கார அக்காவின் மாமனார் இறந்து கடை மூடிப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது என்று பக்கத்துப் பழக்கடையில் சொன்னார்கள். ஷட்டரில் எழுதியிருந்த நம்பருக்கு நைனா போன் செய்தார். அந்த அக்கா அனந்தபுரத்தில் இருந்தார். "துக்க வீடுங்க, திங்கக்கெழம வாங்க" என்றார். நைனா போனைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எம் பொண்ணுக்கு இன்னிக்கு அஞ்சு மணிதாம்மா கெடு" என்று சொன்னார்.  அந்த அக்கா பக்கத்தில் யாரிடமோ விவரம் சொல்வது கேட்டது. பிறகு, "இருங்க, பஸ்ஸு புடிச்சி வரேன்" என்றார்.

அவர் வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஷட்டரைத் தூக்கி, மிஷினுக்குப் பின்னால் இருந்த ஒரு பழுப்புக் கவரை எடுத்தார். "எஸ்தர்னா நீதானா? அன்னிக்கே காப்பி போட்டு வச்சிட்டேன். வாங்க யாரும் வரல, சாவுச் சேதி வந்துச்சி, மூடிட்டுப் போய்ட்டேன்." கவருக்குள் என் டி.சி. இருந்தது. மதிப்பெண் பட்டியல் இருந்தது. எல்லாமே இருந்தது.

கௌசல்யா அந்தக் கடையில் இருந்த ஒவ்வொரு காகிதக் கட்டையும் பிரித்துப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். கடைக்கார அக்காவும் தேடினார். அவளுடையது இல்லை. கடை மூடிய பிறகுதான் அவள் கொடுத்திருந்தாள். அது ஏஜெண்டோடு போய்விட்டது.

நான் கவரைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அவள் தரையில் குனிந்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உன்னோடது கெடச்சிதுல்ல. போ. மணி ஆவுது."

விழுப்புரம் பஸ்ஸில் நைனா வழியெல்லாம் ஸ்தோத்திரம் சொன்னார். என் வாயில் அது வரவில்லை. நாலேகாலுக்குக் கல்லூரியில் சேர்ந்தேன். நான் கேட்டு முடிக்காத ஜெபத்துக்கும் ஆண்டவர் பதில் கொடுத்தார். நான் துரோகம் செய்த பெண்ணின் வாயாலேயே கொடுத்தார். அவளிடம் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கவர் திங்கட்கிழமை வரை அங்கேயே கிடந்திருக்கும். ஆனால் அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை? இந்தக் கேள்வியை நான் ஆண்டவரிடம் நூறு தடவை கேட்டிருக்கிறேன். பதில் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு நைனா ஒரு காரியம் செய்தார். கௌசல்யாவின் நகல் சான்றிதழ்களுக்காகப் பள்ளி, தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் என்று அவள் அம்மாவோடு மாதக்கணக்கில் அலைந்தார். வேலைக்குப் போகாத நாட்களைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கூடப் போனேன். எல்லாம் கைக்கு வருவதற்குள் அவளுக்கு ஒரு வருடம் போய்விட்டது. அடுத்த வருடம் கட் ஆஃப் ஏறிவிட்டதால் நர்சிங் கிடைக்கவில்லை. டயாலிசிஸ் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்தாள். இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. நான் தினமும் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தேன்.

நான்கு வருடம் படித்தேன். பதிவு செய்தேன். சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மன் படித்தேன். பரீட்சையில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறினேன். கிறிஸ்டி அக்கா சொன்ன அதே வழி. ஒரு படிகூடக் குறையவில்லை.

நான் ஜெர்மனிக்குக் கிளம்புகிற வாரம் கௌசல்யா எங்கள் வீட்டுக்கு வந்தாள். இப்போது பாண்டிச்சேரியில் வேலை செய்கிறாள். அம்மா கொடுத்த டீயைக் குடித்தாள். "இன்னும் கோவமாடி?" என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தாள். "போயிடுச்சின்னு சொல்ல மாட்டேன். கொறஞ்சிருக்குது" என்றாள். போகும்போது என் பெட்டியின் ஜிப் சரியாக மூடவில்லை என்று அவளே உட்கார்ந்து இழுத்து மூடிவிட்டாள். இரக்கமுள்ள ஆண்டவருக்கு அதற்காகவும் நன்றி சொல்கிறேன்.

இங்கே ஜெர்மனியில், மருத்துவமனை வார்டில் வயதானவர்கள் பயத்தோடு என் கையைப் பிடிக்கும்போது அவசரப்படாமல் நிற்க இப்போது எனக்குத் தெரிகிறது. முன்பு எல்லாவற்றிலும் அவசரம் எனக்கு.

வெளிநாடு போக ஆசைப்படுகிற தம்பி தங்கைகளே, ஆசைப்படுங்கள். அது பாவம் இல்லை. ஆனால் முடிவெடுப்பதற்கு முன்னால் ஆண்டவர் பாதத்தில் உட்காருங்கள். அந்தப் படிப்பை இங்கே கவுன்சில் ஏற்கிறதா, போகிற நாடு ஏற்கிறதா என்று, அந்த வேலையில் இருக்கிறவர்களிடம் விசாரியுங்கள். அப்பா அம்மா படிக்காதவர்களாக இருந்தாலும் அவர்களிடம் சொல்லுங்கள். ஒரிஜினலை யாரிடமும் விட்டு வராதீர்கள். தப்பு நடந்துவிட்டதா? அப்போதும் அவரிடம் வாருங்கள். அவர் உங்களை முதலில் யாரிடம் போய் நிற்கச் சொல்கிறாரோ, அங்கே போய் நில்லுங்கள். நான் நம்பின ஆண்டவர் உங்களையும் கைவிடமாட்டார்.

ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். அடுத்த மாதம் கௌசல்யாவுக்கு அரசு மருத்துவமனை வேலைக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது. ஜெபிக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். எனக்காக ஸ்தோத்திரம் பண்ணுகிற நேரத்தில் அவள் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.