கட்டியாயிடுச்சா?

அஜீசுன்னிசாவுக்குப் பல்லியைக் கண்டால்கூட உதறல். அப்படிப்பட்டவள் மூன்று மாதமாக இடது மார்பில் ஒரு கட்டியை வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. துபாயில் இருக்கும் கணவன் அப்துல்லாவிடமும் மூச்சு விடவில்லை. அந்த இடத்தைத் தொடாமல் சோப்பு போட்டுக் குளிக்கப் பழகிக்கொண்டாள்.

பரங்கிப்பேட்டையில் ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு உதவியாளர் வேலை. கடலூர்ப் பக்கம் கடலடியில் அள்ளிவந்த சேற்றிலிருந்து அங்கே பாக்டீரியா வளர்க்கிறார்கள். அது வளர்கிற படுக்கை, நோன்புக்கு வீட்டில் காய்ச்சி உறையவைக்கிற அதே கடற்பாசிதான், பாலும் சீனியும் இல்லாமல். அதைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றித் தேதி எழுதுவது அவள் பொறுப்பு. ஒரு தட்டுக்கும் தேதி விட்டுப்போனதில்லை. ஊற்றியது உறைவதற்குள் ஆராய்ச்சி மாணவி ஸ்வர்ணலதா பத்துத் தடவை கேட்டுவிடுவாள்: "கட்டியாயிடுச்சா அக்கா?" ஒவ்வொரு தடவையும் அஜீசுன்னிசாவுக்குத் தன் கட்டிதான் ஞாபகம் வரும்.

போன திங்கட்கிழமை ஸ்வர்ணலதா துள்ளிக் குதித்தாள். பதினேழாம் நம்பர் பாக்டீரியாவின் சாறு புற்றுநோய் செல்களைக் கொன்றுவிட்டதாம். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது அஜீசுன்னிசா அந்தச் சாற்றில் ஒரு சின்னக் குப்பியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். திருட்டுதான். உயிர்ப்பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

குடிக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "இத ஒருத்தர் குடிச்சா சரியாப் போயிடுமா மேடம்?"

"ஐயையோ! நல்ல செல்லையும் சேத்துல்ல கொல்லுது! மருந்தா வர இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆவும்க்கா. வராமயே போனாலும் போவும்."

பத்து வருஷம்! அஜீசுன்னிசா காய்ச்சி வைத்திருந்ததை எப்படியோ தட்டுகளில் ஊற்றி முடித்தாள். வழக்கம்போல் குரல் வந்தது.

"கட்டியாயிடுச்சா அக்கா?"

"தட்டுல இன்னும் இல்ல மேடம். எனக்குத்தான் கட்டி."

ஸ்வர்ணலதா சிரித்துக்கொண்டே திரும்பினாள். அஜீசுன்னிசாவின் ஒரு கை மார்பில் இருந்தது. இன்னொரு கை குப்பியை நீட்டியது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் காலை இருவரும் கடலூர் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் அஜீசுன்னிசா துஆ ஓதிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டார்.

கொஞ்ச நாளா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

"மார்ச் பதினொண்ணு, சாயந்தரம்," என்றாள் அஜீசுன்னிசா.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"தெனம் எண்ணிக்கிட்டுதான் இருந்தேம்மா. சொல்லத்தான் பயம்."