அம்மாவுக்குச் சளி பிடித்த வாரம்

சென்னையில் விற்கும் தக்காளிக்குத் தோல் மட்டும்தான் சிவப்பு. நேற்று ஆபீஸ் விட்டு வந்ததும், பசி பொறுக்காமல், நாலு தக்காளியைப் பொடியாக நறுக்கி இஞ்சி பூண்டோடு வதக்கினேன். குழையவே மாட்டேன் என்றது. கரண்டியால் நசுக்கி, தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் நூடுல்ஸைப் போட்டு, மேலே கொஞ்சம் சோயா சாஸ் விட்டேன். பத்து நிமிஷ வேலை. அந்த சாஸ் சூட்டில் பட்டதும் ஒரு வாசனை எழும்பும் பாருங்கள், அதில் கிண்ணம் எடுக்க மறந்து அப்படியே நின்றுவிட்டேன். மற்றவர்களுக்கு அது சைனீஸ் ஹோட்டல் வாசனை. எனக்கு அது அம்மாவின் முட்டி வாசனை.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குப் பக்கம். அக்கா பாண்டியம்மா எட்டாவதோடு நின்றுவிட்டு, கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனாள். விடிவதற்குள் தெருமுனையில் ஜீப்பு வந்துவிடும். பெண்களை உள்ளே அடைத்துக்கொண்டு மலையேறி, குமுளி தாண்டிப் போகும். சாயங்காலம் அக்கா வீடு திரும்பினால் அவள் சேலையில் ஏலக்காய் மணக்கும், கையில் பூச்சிமருந்து நாறும். நான் அப்போது பிளஸ் டூ. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை, இப்போதும் மறைப்பதாக இல்லை. கடையில் வடை சுற்றிக் கொடுத்த காகிதத்தைக்கூட, நாலு பேர் பார்க்கிற மாதிரி வாசித்துவிட்டுத்தான் வடையைத் தின்பேன்.

சனிக்கிழமை சம்பள நாள். திரும்புகிற ஜீப்பு குமுளியில் கொஞ்ச நேரம் நிற்கும். அங்கே வெள்ளைக்காரர்கள் வந்து சாப்பிடுகிற சின்னக் கடை ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை அங்கிருந்து நூடுல்ஸ் பாக்கெட்டும் கறுப்பாக ஏதோ நிரம்பிய ஒரு கண்ணாடி பாட்டிலும் அக்காவோடு வந்தன. அக்கா அசதியில் அதை மாடத்தில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் மலைக்கு மேலே போய் வருகிறவர்கள் பாட்டிலில் கொண்டுவருவது ஒன்றே ஒன்றுதான், மூட்டுவலித் தைலம். அம்மா கேட்கவே இல்லை. திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து வந்து, இரண்டு முட்டியிலும் அழுந்தத் தேய்த்துக்கொண்டாள். நாலைந்து நாள் தேய்த்தபிறகு சொன்னாள்.

"ஏன்டி பாண்டியம்மா, நீ வாங்கியாந்த தைலத்துக்கு வலி நல்லா கேக்குதுடி. என்ன ஒண்ணு, பூனைதான் கால விடமாட்டேங்குது."

அக்கா பாட்டிலைப் பார்த்தாள், அம்மாவின் காலைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை. "யம்மா... அது கொழம்புல ஊத்துறதும்மா!"

"அப்ப ஒன் கொழம்பையும் முட்டியில தேச்சுப் பாப்போம், கொண்டா."

மிச்சமிருந்த சாஸில் அன்றைக்கு அக்கா வைத்ததுதான் எங்கள் வீட்டின் முதல் தக்காளி நூடுல்ஸ் சூப்பு. தோட்டத்து நாட்டுத் தக்காளி, சட்டியில் விழுந்ததுமே கரைந்துவிடும் ஜாதி. மேலே இடித்த மிளகு. அந்தக் கடை அடுப்படியில் நிற்கிற பையன் சொல்லிக்கொடுத்தான் என்றாள். அவள் எதையும் ஒளிக்கவில்லை. நாங்கள்தான் சூப்பைக் கவனித்தோம், பையனைக் கவனிக்கவில்லை.

எனக்குப் பரீட்சை முடிந்த சித்திரை மாதம் ஒரு நாள், ஜீப்பு அக்கா இல்லாமல் திரும்பியது. "அவ குமுளியிலயே எறங்கிக்கிட்டா. கல்யாணம் முடிஞ்சிருச்சாம்" என்றார்கள் கூடப் போன பெண்கள். பையன் மலையாளத்தான், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் வேறு.

அப்பா விறுவிறுவென்று வெளியே இறங்கினார். வாய்க்காலுக்குப் போய் முங்கி, சொட்டச் சொட்ட வந்து நின்றார். எங்கள் ஊரில் பிள்ளையைத் தலைமுழுகுவது பேச்சுக்குச் சொல்வதில்லை. செத்த வீட்டில் குளிக்கிற மாதிரி, வீட்டிலிருக்கும் எல்லாரும் தலைக்கு ஊற்ற வேண்டும். அதோடு அந்தப் பிள்ளை இல்லை என்று ஆகிவிடும். என் தலையில் அப்பாவே ஒரு குடத்தைக் கவிழ்த்தார். பிளஸ் டூ வரை படித்த எனக்கு, முடி முழுக்க நனைந்த பிறகுதான் அது என்ன தண்ணீர் என்று உறைத்தது.

அடுத்து அம்மா. அவள் நகரவில்லை.

"எனக்குச் சளி புடிச்சிருக்கு. தலைக்கு ஊத்த முடியாது."

"மக செத்துப்போனா. ஒனக்குச் சளியா?"

"ஆமா. சளி."

அந்த வெயிலில் அம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டாள். வராத இருமலை இருமினாள். அப்பாவை எதிர்த்து அவள் சொன்ன முதல் பொய் என்பதால் அதில் அவளுக்குப் பழக்கமில்லை. தும்மலைக்கூடச் சாப்பிட்ட பிறகுதான் ஞாபகம் வந்து தும்மினாள். நான் என் பங்குக்கு, அக்கா வாங்கி வைத்திருந்த கடைசி பாக்கெட்டைப் பிரித்து சூப்பு வைத்தேன். வாசனை வீடெல்லாம் போனது. அப்பா நிலைப்படியில் வந்து நின்றார்.

"யாருக்குடி இது?"

"அம்மாவுக்குச் சளிப்பா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா ஊதி ஊதிக் குடித்தாள். "அவ வச்சா இன்னுங் கொஞ்சம் உறைக்கும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்ததும் சீயக்காய் கரைத்து, முற்றத்தில் உட்கார்ந்து தலைக்கு ஊற்றினாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இது வெள்ளிக்கெழமக் குளியல். வேற எதுக்கும் இல்ல."

அம்மா அக்காவைத் தலைமுழுகவில்லை. ஆனால் அப்பாவை மீறிப் போய்ப் பார்க்கவும் இல்லை. குமுளி பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும், ஏறி உட்கார்ந்தால் போதும். நான் காலேஜில் சேர்ந்த பிறகு, போய்ப் பார்த்துவருவோம் வா என்று கூப்பிட்டேன். "ஒங்கப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும்டி, போவோம்" என்பாள். சாயங்காலம் ஜீப்பு வரும் நேரத்துக்குத் தெருமுனையில் நிற்பாள்.

"அவள அங்கன பாத்தீகளா?"

"பாத்தோம் மதினி. நல்லாருக்கா."

"மெலிஞ்சிருக்காளா?"

அதற்கு ஒவ்வொருத்தி ஒவ்வொன்று சொல்வாள். அன்றைக்கு இரவு அம்மா சாப்பிடுவதும் சாப்பிடாததும் அந்தப் பதிலைப் பொறுத்தது.

அப்பா அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள், திராட்சைப் பந்தலுக்கு அடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அம்மா உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. அம்மாவின் சாவுக்கு அக்கா இடுப்பில் பிள்ளையோடு வந்து வாசலில் நின்றபோது, அப்பா அவளை நிமிர்ந்து பார்க்காமல், "உள்ள போ" என்றார். அவ்வளவுதான் அந்த வார்த்தை. அத்தனை வருஷம் அவர் வாயில் கிடந்தது.

இப்போது அக்கா வருகிறாள், போகிறாள். தெருவில் யாரும் கேட்பதில்லை. அந்தத் திராட்சைத் தோட்டத்தை பிளாட் போட்டுவிட்டார்கள். சூப்பைக் கேட்டால் அக்கா, "அதெல்லாம் இப்ப யாருடி குடிக்கிறா" என்பாள். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நான் விடவில்லை. அடுப்படிக்குள் தள்ளிவிட்டேன். தக்காளி கொதித்தது. அக்கா அலமாரியைத் துழாவிவிட்டு, விருந்தாளி மாதிரி தலையை நீட்டி, "உப்பு எங்கடி இருக்கு?" என்று கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. நான் மெட்ராஸ்காரி ஆகி எவ்வளவோ நாளாகிவிட்டது.

கூடத்தில் இருந்த அப்பா எழுந்தார். அவர் அடுப்படிக்குள் கால் வைத்து நான் பார்த்ததேயில்லை. உள்ளே போய், குனிந்து, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஜாடியை எடுத்து அக்கா முன்னால் வைத்தார்.

"ஒங்கம்மா இங்கனதான் வைப்பா" என்றார்.