எம்.பி. போட்ட இரண்டு பக்கக் கடிதம்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில் அப்போது எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. ஜெராக்ஸ், எஸ்.டி.டி., டைப்பிங் எல்லாம் ஒரே அறைக்குள். பாண்டிச்சேரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள் நான். கல்யாணம் நிலைக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. அப்பா கடனை உடனை வாங்கி அந்தக் கடையை வைத்துக் கொடுத்தார்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மனு எழுத வருகிறவர்கள். ரேஷன் கார்டு, பட்டா, முதியோர் பென்ஷன், சுனாமியில் கடல் உள்ளே வந்துவிட்டுப் போன பிறகு நிவாரணம். எல்லா மனுவும் 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்றுதான் முடியும். ஆவன என்றால் என்ன என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் கொஞ்சம் திணறித்தான் போயிருப்பேன்.

பதில் வந்தால் அதன் வாசகமும் எனக்கு மனப்பாடம். தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது, அல்லது உரிய துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். அது எனக்கும் தெரியும், மனு கொடுத்தவர்களுக்கும் தெரியும். ஆனாலும் முத்திரை போட்ட தாள் என்பதால் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். முடியாது என்று எழுதி வந்த கடிதத்தை அந்த வருஷம் வரை நான் கண்ணால் பார்த்ததில்லை.

அக்கா என்று நான் கூப்பிட்டது என் உடன்பிறந்தவளை அல்ல. எங்களுக்கு அடுத்த தெரு, கோயிலுக்குப் பின்னால் வீடு. மாதா கோயிலைத்தான் சொல்கிறேன். கணவருக்குப் பக்கவாதம் வந்து படுத்த பிறகு, அவர் குத்தகைக்கு எடுத்திருந்த சின்ன உப்பளத்தை அக்காதான் நடத்தினாள். பக்கத்துப் பக்கத்து உப்பளங்களில் அவளைப் போலவே நான்கு சின்னக் குத்தகைக்காரர்கள், எல்லாரும் ஆண்கள். அந்த நான்கு பேருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள். நான் பெட்டியோடு புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த நாளில் ஊரே வந்து காரணம் கேட்டது. அக்கா மட்டும் ஒன்றும் கேட்காமல், "ஏண்டி, சாப்டியா?" என்று ஒரு கிண்ணத்தில் நெத்திலிக் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். அவளுக்காக நான் எதுவும் செய்வேன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்த எம்.பி. மேல்சபைக்காரர். ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தவர் அல்ல. தொழிலில் டாக்டர். கடல் வந்துபோன பிறகு பெரிய மனிதர்கள் எல்லாரும் மீனவர் குப்பங்களுக்குப் போனார்கள், அது நியாயமும்கூட. சேறு ஏறிக் கிடந்த உப்பளத்தையும் போய்ப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். அதற்கு முந்தின வாரம் வந்த வேறொருவர், மேடையில் ஏறி, 'இனி இந்த மண்ணில் மாதம் மும்மாரி பொழியட்டும்' என்று உப்பளக்காரர்களை வாழ்த்திவிட்டுப் போயிருந்தார். ஒரு மழை விழுந்தால் ஒரு வார உப்பு கரைந்து போகும் என்பது அவருக்கு யாரும் சொல்லாத விஷயம். கைதட்ட வேண்டிய இடத்தில் கூட்டம் கம்மென்று இருந்தது. டாக்டர் எம்.பி. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார். கேள்விதான் அதிகம் கேட்டார். போகும்போது, "இந்த மாநிலம் முழுக்க என் தொகுதிதாங்க. எதுவா இருந்தாலும் எழுதுங்க, பதில் போடுவேன்" என்று சொல்லி முகவரி கொடுத்தார். அதை அக்கா மறக்கவில்லை.

அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது அந்தச் செய்தி வந்தது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்ற தடையை மத்திய அரசு மறுபடியும் கொண்டுவரப் போகிறதாம். பெரிய கம்பெனிகளிடம் அயோடின் கலக்கும் மெஷின் இருக்கிறது. சின்ன உப்பளக்காரர்களிடம் உப்பை இழுக்கும் வாருகோலும் கூடையும்தான். தடை வந்தால் இவர்கள் உப்பு தோல் பதப்படுத்தவும் கருவாடு போடவும்தான் போகும், அதுவும் அடிமாட்டு விலைக்கு. அந்த விலைக்குக் குத்தகையைத் தொடர முடியாது என்று அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்ட மனுவை நான்தான் டைப் செய்தேன். இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தாங்கள் அவையில் குரல் கொடுக்க வேண்டும் என்று எழுதினேன். டெல்லிக்குப் போகிறதே என்று பெருமைக்கு ஆங்கிலத்திலும் ஒரு பிரதி வைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. பதிலும் ஆங்கிலத்தில் வந்துவிட்டது.

உப்பளம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற மாதம். ஐந்து பேருக்கும் வேலை கிடையாது. என் கடை விலாசத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஐந்து பேரும் நனைந்த குடைகளோடு வந்து நின்றார்கள். நான் முதலில் மனதுக்குள் படித்தேன். நல்ல தடித்த தாளில் இரண்டு பக்கம்.

உங்கள் மனுவை முழுக்கப் படித்தேன், உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது என்று தொடங்கியிருந்தார். அடுத்த பத்தியிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார். டாக்டராக இருந்தபோது தொண்டை வீங்கிய பெண்களையும், அயோடின் இல்லாத குறையால் மூளை வளராமல் பிறந்த பிள்ளைகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தச் சட்டத்தை ஆதரிக்கிறேன். அவையில் இதைப் பற்றிப் பேசுவேன், ஆதரித்துத்தான் பேசுவேன். நீங்கள் எதிர்பார்த்த பதில் இதுவல்ல என்று தெரியும். பொய் நம்பிக்கை கொடுப்பதைவிட இதைச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

தலை நிமிர்ந்தேன். ஐந்து முகங்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னாடி எழுதியிருக்காரு?" என்றாள்.

நான் சொன்னதை இன்றைக்கும் வார்த்தை மாறாமல் சொல்ல முடியும். "நம்ம மனுவ முழுசாப் படிச்சிருக்காருக்கா. நம்ம கஷ்டம் புரியுதுன்னு எழுதியிருக்காரு. பார்லிமென்ட்ல இதப் பத்திப் பேசுவேன்னு சொல்லியிருக்காரு."

மூன்றும் கடிதத்தில் இருந்தவைதான். என் கெட்டிக்காரத்தனம் எனக்கே பிடித்திருந்தது. ஒரு பொய்கூடச் சொல்லவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு.

நான்கு பேரில் ஒருவர், "ரெண்டு பக்கம் இருக்குதே, இன்னும் என்னாம்மா?" என்று கேட்டார்.

"எல்லாம் சட்டம்ண்ணா. பிரிவு, நம்பரு, அப்டியே போவுது."

இரண்டாம் பக்கத்தில் சட்டம் எதுவும் இல்லை. அதில் அவர் எழுதியிருந்தது இதுதான்: சட்டம் வந்தால் சின்ன உற்பத்தியாளர்கள் நசுங்கிவிடக் கூடாது என்பதிலும் எனக்கு அக்கறை இருக்கிறது. நீங்கள் ஐந்து பேரும் கூட்டாக ஒரு கலவை மெஷின் வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று எழுதி அனுப்பினால், அதற்கு உதவி கேட்டுத் துறையில் நானே நேரில் பேசுகிறேன். பொங்கலுக்குள் எழுதுங்கள். அப்போதுதான் அடுத்த பருவத்துக்குள் ஏதாவது செய்ய முடியும்.

அதை ஏன் சொல்லவில்லை என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். முதல் பக்கத்தை மறைத்த பிறகு இரண்டாம் பக்கத்தைச் சொல்ல வழியில்லை. எம்.பி. நமக்காகப் பேசுகிறார் என்றால் மெஷின் எதற்கு என்று கேட்பார்களே. இரண்டு நாள் போகட்டும், அக்காவிடம் தனியாகப் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று கடிதத்தை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

அன்று சாயங்காலமே அக்கா பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு வந்தாள். கணவரிடம் சொன்னாளாம், அவர் வாய் கோணியபடியே சிரித்தாராம். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? தினமும் வந்தாள், தினமும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள். பொங்கலன்று எங்கள் வீட்டில் பானை பொங்கியபோது எல்லாரும் வாசலில் சத்தம் போட்டார்கள், நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். தலைவலி என்று அம்மாவிடம் சொன்னேன்.

மாசி மாதம் முதல் உப்பு வாரினார்கள். திண்டிவனம் பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் வியாபாரி, பெருமுக்கல் வழியாக லாரியை ஓட்டி வந்தார். வந்தவர், வெயில் மாதம் முற்றும்போது தடை வந்துவிடும், அதற்குள் விற்றுத் தீராது, அயோடின் போடாத உப்பை இனிமேல் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அக்கா விடவில்லை. எங்கள் எம்.பி. டெல்லியில் பேசப்போகிறார், கையெழுத்துப் போட்ட கடிதமே இருக்கிறது என்று சொல்லி, லாரியை நிறுத்தி வைத்துவிட்டு வேக வேகமாக என் கடைக்கு வந்தாள். காலில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"அந்த லெட்டர எடுடி. அந்தாளுக்கு இங்கிலீஸ் தெரியுமாம். மூஞ்சிக்கு நேரா காட்டிட்டு வர்றேன்."

சாவி என் கையில்தான் இருந்தது. மனசாட்சி உறுத்தி நானாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த வியாபாரி படித்துவிடுவார் என்ற பயத்தில்தான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு டிராயரைத் திறந்து, இரண்டு பக்கத்தையும் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவரை அக்காவே, "அப்பறம் வாங்க" என்று அனுப்பிவிட்டாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, "பேசுவேன்னு சொன்னாரே, அது?" என்று கேட்டாள்.

"பேசுவாரு. சட்டம் வேணும்னு பேசுவாரு."

"பொங்கல் போயி எவ்ளோ நாள் ஆச்சு?"

"ஒன்றரை மாசம் ஆவுதுக்கா."

என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி மடித்தாள். "அவரு முடியாதுன்னு சொன்னா நான் தாங்க மாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்ட. வாரி வச்ச உப்பு மேல மழ கொட்டுதே, அத எனக்கு யாரு மாத்திச் சொல்றாங்க? நான் பாத்துட்டுதான நிக்கிறேன்."

நான் அழுதேன். எனக்கு அது வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் அழ வேண்டியவள் அவள். அக்கா என்னைத் தேற்றவில்லை. "எழுது. தமிழ்ல எழுது" என்றாள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். 'தாங்கள் அனுப்பிய கடிதம் எங்களுக்குச் சரியாக வாசித்துச் சொல்லப்படவில்லை' என்று அடித்துவிட்டுப் படித்துக் காட்டினேன்.

"யாரு சொல்லலன்னு போடு."

"என் பேரையாக்கா?"

"உன் பேரு அவருக்கு எதுக்கு? படிச்சுச் சொன்ன பொண்ணு மாத்திச் சொல்லிடுச்சு, அதனாலதான் நாங்க பதில் போடலன்னு போடு. உங்க சட்டம் எங்களுக்குப் புடிக்கல, ஆனா மெஷின் வேணும்னு போடு. இன்னும் நேரம் இருக்குதா இல்லியான்னு நேரா சொல்லச் சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும்."

அப்படியே அடித்தேன். என்னைப் பற்றிய அந்த வரியை நானே அடித்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நானே சரிபார்த்தேன். கடைசியில் பதில் வரவேண்டிய முகவரியாகப் பழக்கத்தில் என் கடையைப் போட்டிருந்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, மாதா கோயில் டிஸ்பென்சரி முகவரியைப் போடச் சொன்னாள். அங்கே இருந்த சிஸ்டர் தபாலை வாங்கிக் கொடுத்துவிடுவாராம். பிரின்ட் எடுத்ததும் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, வியாபாரியிடம் பதில் சொல்ல உப்பளத்துக்குப் போனாள். அந்தத் தடவை லாரி காலியாகத் திரும்பியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் அக்கா என் கடைப் பக்கம் வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். கோபம் ஒன்றும் தெரியாது, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நானும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஏதாவது சாக்கு வைத்துப் போய்விடலாம் என்று கிளம்பி, மாதா கோயில் மதில் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன்.

அவள் வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. கரண்ட் அப்போதுதான் வந்து ஜெராக்ஸ் மெஷின் சூடாகிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு தாளை விரித்து மேஜை மேல் வைத்தாள். அதே எம்.பி.யின் தலைப்புப் போட்ட தாள். ஆனால் டைப் அடித்தது அல்ல. தமிழில், நீல மையில், கையால் எழுதியிருந்தார். எழுத்து ஒவ்வொன்றும் நன்றாகப் பெரிதாக, தள்ளித் தள்ளி, ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கும் புரிகிற மாதிரி இருந்தது. கண் தானாக நடு வரிக்குப் போனது. 'நேரம் தாண்டவில்லை. துறையில் பேசிவிட்டேன். ஐந்து பேரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, இந்தக் கடிதத்தின் பிரதியோடு உடனே அனுப்புங்கள்.'

தாளை என் பக்கம் திருப்பினேன். பழக்கம், வேறென்ன. தொண்டையைச் செருமிக்கொண்டு, 'அன்புள்ள' என்று முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.

அக்கா எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"நானே படிச்சிட்டேன். அஞ்சு காப்பி மட்டும் எடுத்துக் குடும்மா."