குலுக்கலில் விழுந்த வீடும் அவள் வலது கையும்

எங்கள் வீட்டு வாசற்படியில் ஒரு மூலை உடைந்திருக்கும். நல்ல கருங்கல் படி. வருகிறவர்கள் எல்லாரும் "பூசிடக் கூடாதா?" என்று கேட்பார்கள். ஒரு கரண்டி சிமெண்டு போதும்தான். நான் விடவில்லை. இந்த வீடு எங்களுக்கு லாட்டரியில் விழுந்தது. இனாம் வீடு என்று ஊரே வயிறெரிந்தது. இனாமாம். அந்த வார்த்தையைச் சொல்கிறவர்களை அந்த மூலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும்.

பெரிய காஞ்சிபுரத்தில் நெசவுத் தெரு ஒன்றுக்கு நான் மருமகளாகப் போனேன். மாமனார் மாமியார் இல்லை. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் ஒரே தறி. எங்கள் ஊர்ச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போக வேண்டும். அது ஒருத்தரால் ஆகிற காரியம் இல்லை. என் வீட்டுக்காரர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து உடலுக்கு நாடாவை எறிவார். கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடாவை எறிவான். அந்த மரக்கட்டை நாடா இரண்டும் இழையை இழுத்துக்கொண்டு எதிரும் புதிருமாக ஓடும். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒருத்தர் மூச்சு விடுவது மற்றவருக்குத் தெரியும், அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

கொழுந்தனுக்குப் பெண்டாட்டியாக வந்தவள் என்னைவிட இளையவள். என் ஓரகத்தி. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும், அவ்வளவு சாது. ஆனால் அவள் கைக்குத் தெருவில் தனி மரியாதை இருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழை நுனியோடு புது இழை நுனியை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்போம். முதல் இழையை ராசியான கை முறுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் முறுக்கிய பாவில் இழை அறுவது அபூர்வம். தெருக்கோடியில் இருந்தெல்லாம் வந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். மஞ்சள் பூசி, பூ கொடுத்து, காப்பி கொடுத்து அனுப்புவார்கள். எனக்கும் பெருமைதான். கொஞ்சம் பொறாமையும் உண்டு.

எழுபதுகளின் ஆரம்பம் அது. பங்குனித் திருவிழாவை ஒட்டிப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். வாசலில் ஒருத்தன் லாட்டரிச் சீட்டு விற்றான். முதல் பரிசு, ஏனாத்தூர் போகிற வழியில் புதிதாகக் கட்டிய வீடு. மாதிரிக்கு அட்டையில் ஒரு பொம்மை வீடு செய்து, உள்ளே பல்பு எரியவிட்டு வைத்திருந்தான். என் வீட்டுக்காரர் தறிக்கூலியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்தார்.

"நீ எடுடி. உன் கைதான் விளங்குற கை" என்று ஓரகத்தியை நான்தான் முன்னால் தள்ளினேன்.

விற்கிறவன் மேலே இருந்த சீட்டை நீட்டினான். அவள் அதை ஒதுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விற்கிறவன் அதன் அடிக்கட்டையில் என் வீட்டுக்காரர் பெயரை எழுதிக்கொண்டான்.

அந்தச் சீட்டுக்குத்தான் வீடு விழுந்தது. ஒலிபெருக்கி வைத்த கார் தெருவுக்குள் வந்து பெயரைக் கத்தியது. மாலை போட்டார்கள். முகம் தெரியாத உறவெல்லாம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. இனாம் வீட்டுக்குப் பத்திரச் செலவு என்று என் கழுத்துச் சங்கிலி போனது. அதெல்லாம் எனக்குப் பெரிசில்லை. கார் வந்த அன்று சாயங்காலமே கொழுந்தன் கேட்டான்:

"அண்ணே, பாதி யாருதுன்னு பேசிடலாமா?"

"இன்னாடா பாதி? ரெண்டு குடும்பமும் அங்கதான் போவப் போறோம்."

"உன் வீட்டுல நான் குந்திக்கினு இருக்கணுமா? எடுத்தது என் பொண்டாட்டி கை. எழுதிக் குடு, இல்ல வித்துக் குடு."

"ரூபா என்னுது. பேரு என்னுது."

"உன் ரூபாய்க்கா வீடு வந்தது? அவ கைராசிக்கு வந்தது. தெருவுல கேளு."

தெருவில் கேட்டால் என்ன சொல்வார்கள்? அவள் கையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர்கள்தானே நாங்கள் எல்லாரும். எடுத்த கைக்குப் பங்கு உண்டு என்று பாதிப்பேர் சொன்னார்கள். எடுத்தது அவளா, விற்கிறவன் கையில் கொடுத்ததா, யார் கண்டது என்று மீதிப்பேர் சிரித்தார்கள். வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு வழக்கு நின்றிருக்குமா?

அதற்குப் பிறகும் இரண்டு பேரும் தறியில் உட்கார்ந்தே ஆக வேண்டியிருந்தது. பாவு, கூலிக்கு நெய்யக் கொடுத்த முதலாளியுடையது, பாதியில் விட முடியாது. கொழுந்தன் வேண்டுமென்றே கரை நாடாவைத் தாமதித்து எறிவான். கரை இழைகள் பட்பட்டென்று அறும். என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடுவார். ஒரு நாள் முடிச்சுப் போடக் குனிந்தவரின் நெஞ்சில் கொழுந்தன் காலால் உதைத்தான். குழிக்குள் கால் இருக்கிற மனுஷன் எழுந்து ஓடவும் முடியாது, திரும்பி அடிக்கவும் முடியாது. தம்பிக்கு அது தெரியும். மறுபடி உதைத்தான். மறுபடியும். நான் அடுக்களையிலிருந்து ஓடி வருவதற்குள் என் வீட்டுக்காரர் கையிலிருந்த நாடாவை எறிந்துவிட்டார். அதன் முனையில் இரும்புப் பூண் இருக்கும். கொழுந்தனின் நெற்றி பிளந்தது. வெண்ணெய் நிறப் பட்டில் ரத்தம் கொட்டியது. இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றி அலசியும் கறை போகவில்லை.

முதலாளி சேலையைப் பார்த்தார், அடுத்த பாவு இல்லை என்று சொல்லிவிட்டார். தம்பி நெற்றியில் கட்டோடு தெருவில் நின்று கத்தினான். அண்ணன் வீட்டுக்குள் உட்கார்ந்து, "பாதின்னு இன்னொரு வாட்டி சொன்னான்னா அவனைக் குழியிலயே போட்டு மூடிடுவேன்" என்றார்.  கோபக்காரர்கள் சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அவர் கத்தாமல் சொன்னார்.

கடைசியில் தெருப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு செய்தார்கள். புது வீட்டில் பால் காய்ச்சுகிற அன்றைக்கு, என் ஓரகத்தி வாசற்படியில் நின்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சீட்டை அவள்தான் எடுத்தாள் என்றால் பாதி தம்பிக்கு. இல்லை என்றால் அவன் பேசக் கூடாது. அவள் பொய் சொல்லமாட்டாள் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. எனக்கும்தான்.

அன்று காலை என் வீட்டுக்காரர் பாவு அறுக்கும் கத்தியை இடுப்பில் செருகுவதைப் பார்த்தேன். "எதுக்கு?" என்றேன். "கயிறு அறுக்க" என்றார். புது வீட்டில் அறுக்கக் கயிறு ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு அடுப்பும், ஒரு பால் பாத்திரமும், சிமெண்டுத் தரையைக் குடைந்து தறிக்குழி எடுக்க அவர் ஆரம்பித்திருந்த பள்ளமும், பள்ளத்தோரம் சாய்த்து வைத்த கடப்பாரையும்தான்.

பெரியவர்கள் வாசலில் நின்றார்கள். கொழுந்தன் வந்தான். பின்னால் அவள், தலை குளித்து, பூ வைத்து, விசேஷத்துக்கு வருகிற மாதிரியே வந்தாள். படியேறி நின்றாள். என்னைப் பார்த்தாள். அவள் பார்வை என் வீட்டுக்காரர் இடுப்புக்குப் போய், திரும்பி அவள் புருஷன் முகத்துக்கு வந்தது.

"சொல்லும்மா. சீட்டை நீதானே எடுத்த?" என்றார் ஒரு பெரியவர்.

"இல்லீங்க. விக்கிறவன்தான் மேல இருந்தத என் கையில திணிச்சான். நான் எடுக்கல. வீடு மாமாவோடதுங்க."

 என் வீட்டுக்காரர் கை இடுப்பிலிருந்து இறங்கியது. பெரியவர்கள் மூச்சு விட்டார்கள். ஒருத்தர், "சரி, பால வைங்கம்மா" என்றார். நான் உள்ளே திரும்பி அடுப்பைப் பற்ற வைத்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

கொழுந்தன் என்னைத் தாண்டி உள்ளே போனதையும், கடப்பாரையோடு திரும்பியதையும் நான் பார்த்தேன். சுவரை இடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். அவள் விழாமலிருக்க வலது கையைப் படியில் ஊன்றினாள். அந்த மணிக்கட்டை மிதித்துக்கொண்டு, "எடுக்கலியா? இந்தக் கை எடுக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே கடப்பாரையை இறக்கினான். முதல் அடி விரல்களில் விழுந்தது. இரண்டாவது கல்லின் மூலையில் பட்டு மூலை தெறித்தது. அவள் அலறவில்லை. வாயைத் திறந்தபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. என் வீட்டுக்காரர் தம்பியின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு மோதினார். நான் பித்தளைச் செம்பால் அவன் தலையில் அடித்தேன். செம்பு நசுங்கும் வரை அடித்தேன். பெரியவர்கள் எங்களைப் பிய்த்து எடுத்தார்கள். கத்தி எப்போதோ கீழே விழுந்திருந்தது, யாரோ அதைக் காலால் தள்ளிவிட்டார்கள். உள்ளே பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது.

பெரியாஸ்பத்திரியில் மூன்று விரல்கள் கோணலாகவே கூடும் என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கட்டிலோரம் நின்று, "பாதி உன்னுதும்மா, நான் எழுதித் தரேன்" என்றார். அந்த ஆள் அழுது அன்றுதான் பார்த்தேன். அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, "நான்தான் எடுக்கலியே, மாமா" என்றாள்.

கொழுந்தன் ஆரணிப் பக்கம் ஓடிப்போய், கொஞ்ச மாதம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வந்தான். அவளும் சோறு போட்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் பொங்கும். அதைவிட ஆத்திரம் தெருவின் மேல். பின்னமான கை முதல் இழைக்கு ஆகாது என்று ஒரே வாரத்தில் எல்லாரும் பேசிவைத்த மாதிரி அவளைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். அவள் முறுக்கிய பாவில் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தவர்கள் அவர்கள். ஒருத்தியைக் குழாயடியில் வைத்துக் கிழித்தேன். அப்புறமும் அவள் என் ஓரகத்தியைக் கூப்பிடவில்லை.

நாங்கள் புது வீட்டுக்குப் போனோம். தறி போட்டோம். கரை எறிய என் வீட்டுக்காரர் கூலிக்கு ஆள் வைத்தார். விடிகாலையில் பாவு இழைகளைத் தெரு நீளத்துக்கு நீட்டிப் பிடிக்க நாலு குடும்பம் வேண்டும், அந்தப் பக்கம் ஒரு நெசவுக் குடும்பமும் இல்லை. வேறொரு முதலாளியிடமிருந்து பாவு வந்தபோது, முதல் இழைக்கு நான் பழைய வீட்டுக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன்.

"இந்தக் கையா, அக்கா?"

"அந்தக் கைதான். வா."

வந்தாள். உடைந்த மூலையை மிதிக்காமல் படியேறினாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

"ஏன்டி பொய் சொன்ன? நடுவுல இருந்து உருவினத பாத்தவ நான்."

"மாமா இடுப்புல கத்தி இருந்தது. நான் எடுத்தேன்னு சொல்லியிருந்தா இவரு அங்கயே செத்திருப்பாரு. மாமா ஜெயிலுக்குப் போயிருப்பாரு. எடுக்கலன்னா கோவம் என் மேலதானே வரும்?"

"அடிப்பான்னு தெரிஞ்சுமா சொன்ன?"

"தெரியும்க்கா. எப்பவும் அடிக்கிற மாதிரி முதுகுல அடிப்பாருன்னு நெனச்சேன். கைய அடிப்பாருன்னு நெனக்கல."

பழைய இழையின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, புது இழையை இடது கையால் அதன் மேல் சுற்றினாள். நழுவியது. மறுபடி சுற்றினாள். நான் கையை நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். முறுக்கு பிடித்து இழை நின்றதும், அடுத்ததை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.