ராவுத்தரண்ணன் தடவிப் பார்த்த பஜார்

கொடைக்கானலில் எந்த பஸ்ஸில் யார் வந்து இறங்கினார்கள், எந்த பங்களாவுக்கு சீசன் ஆட்கள் வந்தாயிற்று, மேல்மலைப் பூண்டி கிராமத்திலிருந்து கேரட் லோடு ஏன் இன்னும் வரவில்லை... எதுவானாலும் எங்கள் பக்கத்து வீட்டு ராவுத்தரண்ணனைத்தான் கேட்க வேண்டும். பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அப்பேர்ப்பட்டவருக்குக் கண்ணில் புரை விழுந்து, சமீபத்தில் மதுரையில் ஆபரேஷன்.

ஆபரேஷன் என்னவோ ஒரு கண்ணுக்குத்தான். ஆனால் கட்டு? இரண்டு கண்ணுக்கும்! ஒன்று அசைந்தால் மற்றதும் அசையுமாம். தலையை ஆட்டக் கூடாது, குனியக் கூடாது, கட்டைத் தொடவே கூடாது. "தையல் விட்டுப்போச்சுன்னா அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

வத்தலக்குண்டு தாண்டி டாக்ஸி மலையேறியதிலிருந்து, ஒவ்வொரு வளைவிலும் அவர் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டே வந்தாராம் அவர் மனைவி மைமூன் அக்கா. வீட்டு வாசலில் இறங்கியபோது அக்காவுக்குக் கை மரத்துப் போயிருந்தது.

வந்த புதிதில் அண்ணன் சமர்த்தாகத்தான் இருந்தார். அப்புறம் ஒரு காலையில், ரோட்டில் ஏதோ ஜீப் சடன் பிரேக் போட்ட சத்தம். யாரோ யாரையோ திட்டும் சத்தம். அக்கா சமையலறையிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தால், அண்ணனின் கட்டைவிரல் கண் கட்டுக்குள்ளே நுழைந்திருக்கிறது!

அக்கா போட்ட கூச்சலில் நானும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"என்ன சோலி பாத்து வச்சிருக்கீங்க! கண்ணு போயிட்டா நான் என்ன செய்வேன்?" அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"ஜீப்பு யாருதுன்னு பாக்கலாம்னு..." அண்ணன் முகத்தில் அசடு வழிந்தது. என் காலடிச் சத்தம் கேட்டதும் என்னிடம் சொன்னார். "இருட்டுக்குள்ளயே கெடக்க முடியல தங்கச்சி. கிறுக்குப் புடிச்சிரும் போலருக்கு."

மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து பார்த்து, தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. சரி... இன்னொரு தடவை விரல் போனால்?

என் ஒட்டுப்படப் பைத்தியம், இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். டாபி சுற்றிய வெள்ளித்தாள், யூகலிப்டஸ் பட்டை, கிழிந்த ஸ்வெட்டர், பஸ் டிக்கெட் என்று எது அகப்பட்டாலும் பொறுக்கி வந்து, மைதாப் பசை காய்ச்சி, அட்டையில் ஒட்டி, அதைப் படம் என்று சொல்லிக்கொள்வேன். "ஊர்க் குப்பையெல்லாம் வழி கேட்டுக்கிட்டு நம்ம வீட்டுக்கே வருது" என்பார் என் கணவர்.

மறுநாள் அந்தக் குப்பை டப்பாவோடு அண்ணன் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"என்னதுண்ணே, சொல்லுங்க பாப்போம்."

விரலால் உருட்டினார். "ஓரம் நெளிநெளியா இருக்கு... பழைய ஓரணால்ல!"

"இது?"

"பைன் மரத்துக் காய்." மூக்கருகே கொண்டுபோனார். "ஏரிக்கரைல பொறுக்குனியாக்கும்? ஈர வாடை அடிக்கு."

அன்றைக்கு முழுக்க அவர் கை கண் பக்கம் போகவே இல்லை.

விஷயம் பஜாரில் பரவியது. பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடியை விட்டுவிட்டு, கையில் விசித்திரங்களோடு வர ஆரம்பித்தார்கள். டாக்ஸி டிரைவர் ஒரு ஸ்பார்க் பிளக் கொண்டுவந்தார். மிஷன் ஸ்கூல் ஆயா, பியானோவிலிருந்து கழன்று விழுந்த வெள்ளைக் கட்டை ஒன்று. பூண்டிக்காரர் ஒருவர், மனுஷன் மாதிரி இரண்டு கால் முளைத்த கேரட்! அதைத் தடவிப் பார்த்து அண்ணன் சிரித்த சிரிப்பில் மைமூன் அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "தலை ஆடுது... தலை ஆடுது!"

ஆனால் பொருள் எத்தனை நாளைக்குக் கிடைக்கும்? அப்போதுதான் தோன்றியது — தொட்டுப் பார்க்கவென்றே ஒரு படம் ஒட்டினால் என்ன?

பஜாரையே ஒட்டினேன். ஏரிக்கு வழவழவென்று வெள்ளித்தாள். ஏற்ற ரோட்டுக்குச் சொரசொரவென்று உப்புத்தாள். தகரக் கூரைகளுக்கு நெளி அட்டை. மரத்துக்கு நிஜப் பட்டை. பஸ்ஸுக்குத் தீப்பெட்டி, அதன் சக்கரத்துக்குச் சட்டைப் பித்தான். பூண்டு மூட்டை இறக்கும் இடத்தில் பூண்டுத் தோல். நிறத்தைப் பற்றி யாருக்குக் கவலை? கைக்கு எது சரியோ அதை ஒட்டினேன். கூரை ஊதா, மரம் சாம்பல், அண்ணன் வீட்டுச் சுவர் என் பழைய பாவாடையின் ரோஸ்.

மடியில் வைத்ததும் அண்ணன் விரல் மெல்ல நகர்ந்தது. "இது ஏரி... இங்கன ரோடு ஏறுது... பஸ்ஸு நிக்கு! அட, ஊரையே கொண்டாந்துட்டியே தங்கச்சி!"

விரல் ஓரிடத்தில் நின்றது. "இது நம்ம கடையாக்கும்? வாசம் இல்லியே! மளிகைக் கடைன்னா ஒரு வாசம் வேணாமா?"

அக்கா உள்ளே போய்ப் பெருங்காயத் துண்டும் கொஞ்சம் மிளகும் எடுத்து வந்தார். ஒட்டினேன். அப்புறம் தினம் ஒரு திருத்தம். கடை வாசலில் ஒரு படி குறைகிறது. மரம் தள்ளி நிற்கிறது. தேங்காய்க் கடைக்காரர் தட்டி போட்டு வழியை அடைத்திருக்கிறாரே, அது எங்கே? படுக்கையில் இருந்தபடியே அண்ணன் பஜாரில் நடமாடிக்கொண்டிருந்தார்.

கட்டு அவிழ்க்க மதுரை போவதற்கு முந்தைய சாயங்காலம். அக்கா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஏரியின் மேல் கையை வைத்தபடி மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, கட்டை அவுத்த பெறகும் இருட்டாவே இருந்துச்சுன்னா?"

'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்று சொல்லிவிடலாம். எனக்கென்ன தெரியும்?

"இருந்தா... இன்னும் பெரிய அட்டையா வாங்கி, வத்தலக்குண்டு வரைக்கும் ஒட்டித் தாரேண்ணே."

அவர் விரல் ஏரியைத் தாண்டி அட்டையின் ஓரம் வரை போயிற்று. பிறகு, "மதுரை வரைக்கும் வேணும்" என்றார்.

மறுநாள் வெள்ளனே கிளம்பிவிட்டார்கள். உப்புப் போட்டேனா இல்லையா என்றே தெரியாமல் சமைத்தேன். என் கணவர் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார். அவருக்கும் மனசு மதுரையில்தான்.

அதற்கடுத்த நாள் மாலை டாக்ஸி வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு, யார் கையையும் பிடிக்காமல், தடித்த கண்ணாடியோடு அண்ணன் இறங்கினார். என்னை உற்றுப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ஒனக்கு இம்புட்டு நரைச்சிருச்சு!"

அழுதேனா, சிரித்தேனா? இரண்டும்தான்.

"எங்க அந்தப் படம்? வெரசா எடுத்துட்டு வா!"

எடுத்துக் கொடுத்தேன். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதையா இத்தன நாளும் தடவிக்கிட்டுக் கெடந்தேன்? சகிக்கலையே!"

"ஏங்க!" மைமூன் அக்கா பதறினார்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. 'சகிக்கலை' என்ற விமரிசனம் வேறு யாருக்காவது இப்படித் தித்தித்திருக்குமா? கண் நன்றாகத் தெரிகிறவர்தானே அப்படிச் சொல்ல முடியும்!

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு படத்தின் மேல் கையை வைத்தார். "இப்பப் பாரு... எம்புட்டு அழகா இருக்கு!"

இப்போது அது அவர் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மிளகு வாங்க வந்தாலும் சரி, மண்ணெண்ணெய் வாங்க வந்தாலும் சரி, கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் போக வேண்டும். சீசனுக்கு வந்த ஒரு துரைசானி அம்மாள்கூட, குடையை இடுக்கிக்கொண்டு பஜாரைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கைபட்டுக் கைபட்டு ஏரி கிழிந்துவிட்டது. பெருங்காயத்தை யாரோ சுரண்டிக்கொண்டு போய்விட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை பசைக் கிண்ணத்தோடு போய் ஊரைப் பழுது பார்த்துவிட்டு வருகிறேன்.

பெரிய நகரங்களில் எக்ஸிபிஷன் வைத்தால், படத்துக்குப் பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று எழுதி வைப்பார்களாமே... பாவம், அந்தப் படங்கள்!