அண்ணன் தமிழாக்கிய ஈக்வடார் கவிஞர்கள்

அண்ணன் கண்மூடியபோது கூட இருந்தவர்கள்: அண்ணியார். மகள் கிரேஸ். மருமகன். வலங்கைமானிலிருந்து வந்திருந்த சித்தப்பா. லுத்தரன் சபை ஐயர். அவர்தான் ஜெபம் சொன்னார். கால்மாட்டில் தங்கச்சி நான். தலையணைப் பக்கத்தில் அவர் மொழிபெயர்த்த கவிதைகளின் அச்சுத் தாள்கள்.

நான் எட்டாவது வரை படித்தவள். நடவு வேலை பார்ப்பவள். தெரிந்தவரை எழுதுகிறேன்.

அண்ணன் அவர்கள் பிறந்தது முத்துப்பேட்டைக்கு வடக்கே, வயல் ஓரத்துத் தெருவில். அப்பா பண்ணையில் ஆள். அண்ணன் நடந்தே பள்ளிக்கூடம் போனார். நாகப்பட்டினத்தில் ஐ.டி.ஐ. முடித்தார். கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. இருபத்தாறு வருஷம் கடல். அப்பா சாவுக்கும் அம்மா சாவுக்கும் வர முடியவில்லை. அதை அவர் யாரிடமும் பேசியதில்லை.

வாழைப்பழம் ஏற்றுகிற கப்பல் அது. ஈக்வடார் நாட்டில் குவாயாகில் துறைமுகத்தில் ஒருமுறை இன்ஜின் பழுதாகி நாலு மாதம் நின்றது. அங்கே பட்டறைக் கிழவர் ஒருவர் பழைய கவிதைப் பத்திரிகை ஒன்றைக் கொடுத்தார். கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்பு அந்த நாட்டு இளைஞர்கள் எழுதியது. எதுகையை விட்டவர்கள். தந்திக்கம்பம், விமானம், தொழிற்சாலை எல்லாவற்றையும் கவிதைக்குள் கொண்டுவந்தவர்கள். ஒரு சொல்லை மேலே போடுவார்கள், அடுத்ததை நாலு விரல் தள்ளிப் போடுவார்கள். அண்ணன் அகராதி வாங்கினார். ஸ்பானிஷ் கற்றார்.

ஊர் திரும்பியபின் அந்தத் தாள்களைக் காட்டினார்.

"என்னண்ணே இது, கோழி கிளறின மாதிரி?"

"அங்க கொக்கோவுல நோய் விழுந்து தோட்டம் தோட்டமா போச்சு. இவங்களுக்கு அப்ப இருபது வயசு. பழையபடி வரிசையா எழுத மனசு வரல."

"வரிசையா நட்டாத்தான் வெளையும்."

"நீ நடு. அவங்க தெளிக்கட்டும்."

பதினோரு வருஷம் உட்கார்ந்து ஆறு கவிஞர்களைத் தமிழில் எழுதினார். வரிக்கு வரி, இடத்துக்கு இடம். முடிக்கும்போது சர்க்கரை நோய் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. கும்பகோணத்தில் ஒரு டிடிபி கடையில் அடிக்கக் கொடுத்தோம். கிரேஸ் வாசித்துக் காட்டினாள். சொல்லெல்லாம் சரி.

"எடம் விட்டிருக்காங்களா?" என்று கேட்டார்.

"அத யாருப்பா பாக்கப்போறா?"

அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் பழைய பத்திரிகையின் ஜெராக்ஸையும் அச்சுத்தாளையும் எடுத்தேன். ஒவ்வொரு வரியும் தொடங்குகிற இடத்தில் பசை தொட்டு ஒரு நெல் ஒட்டினேன். காய்ந்ததும் இரண்டையும் அவர் மடியில் வைத்தேன். முதலில் பழையதைத் தடவினார். முகம் தெளிந்தது. பிறகு அச்சுத்தாள். விரல் மேலிருந்து கீழே நேராக இறங்கியது.

"தங்கச்சி, இது ஒன் நடவால்ல இருக்கு."

"கடையில நேராக்கிட்டாங்கண்ணே."

கடைக்குப் போனேன். அடித்தவள் செல்வி. நல்ல பெண்.

"கோணலா இருந்துச்சுக்கா. எழுதுனவருக்குக் கண்ணு தெரியாதுன்னாங்க, நாமதான் சரி பண்ணணும்னு நேராக்கினேன். பத்து வருஷமா கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன், ஒருத்தரும் கொற சொன்னதில்ல."

"இது கல்யாணம் இல்லம்மா. கலைச்சுப் போடு."

கலைத்துப் போட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் நெல். அண்ணன் தடவி "சரி" என்றால்தான் அடுத்த பக்கம். சில பக்கம் மூன்று தடவை திரும்பிப் போனது. வயல் வேலை முடிந்து வந்து ஒட்டுவேன். ஐப்பசி மழையிலும் விடவில்லை. கடைசி வாரம் விரலில் தெம்பு இல்லை. நான் பிடித்து நகர்த்தினேன்.

"மிச்சம் கெடக்கே."

"நான் பாக்கிறேன்."

"அவசரப்பட்டுக் குடுத்துறாத."

என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அது.

இந்த முப்பதாம் நாள் ஜெபத்திலேயே புத்தகத்தையும் கொடுத்துவிடலாம் என்று சொந்தங்கள் சொன்னார்கள். மீதிப் பக்கம் நேராகவே இருக்கட்டும், யாருக்குத் தெரியும் என்றார்கள். எனக்குத் தெரியும். அதனால் இன்று உங்கள் கையில் இந்த நினைவு மலர் மட்டும். புத்தகம் வரும்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன தெருக்காரர்களுக்கும், மழையில் கல்லறை வரை வந்து நின்ற என் நடவு செட்டுப் பெண்களுக்கும், சமைத்துப்போட்ட பக்கத்து வீட்டாருக்கும், சபை ஐயருக்கும், முகம் சுளிக்காமல் திரும்பத் திரும்ப அடித்த செல்விக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இப்போது கிரேஸும் என்னோடு உட்கார்ந்து நெல் ஒட்டுகிறாள்.

மொத்தம் தொண்ணூற்றிரண்டு பக்கம். அண்ணன் விரல் வைத்துச் சரி சொன்னது எழுபத்தைந்து. அவருக்குப் பிறகு நான் கண்ணை மூடித் தடவிப் பார்த்தது ஆறு.

மீதி பதினொன்று.